கல்லூரிப் பதிவறையிலிருந்து ஊர் வரலாறு: பழைய கல்லூரிக்கு ஆவணக் காப்பகம் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நூற்றாண்டு விழா வந்தால் கல்லூரிகளில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு பக்கம் 'நம் கல்லூரி வரலாறு' என்று மலர் போடக் குழு அமைப்பார்கள். இன்னொரு பக்கம், விழாவுக்கு வளாகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பதிவறையைக் காலி செய்து பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுவார்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போதும் இதே கதைதான். மலருக்கு முதல்வர்களின் படங்களும் பட்டமளிப்பு விழா உரைகளும் கிடைத்துவிடும். ஊரின் வரலாறு இருந்த தாள்கள் அந்தத் தள்ளுவண்டியில் போய்விடும்.

விடுதி மெஸ் கணக்கு, சேர்க்கைப் பதிவேடு, தபால் பதிவேடு, ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு, கிணறு வெட்டிய பில் ஆகியவற்றைக் குப்பை என்று கழிக்கிறோம். மலரையும் கேடயத்தையும் கண்ணாடி அலமாரியில் வைக்கிறோம். என் கணக்கில் இது தலைகீழ். ஆண்டு மலர் நூறு வீடுகளுக்குப் போயிருக்கும், தேடினால் எங்காவது ஒரு பிரதி அகப்படும். மெஸ் கணக்குக்கு இரண்டாம் பிரதி கிடையாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒற்றைப் பிரதிகளை மனதில் வைத்தே எழுதியது. தமிழ்நாட்டில் ஐம்பது ஆண்டு தாண்டிய எந்தக் கல்லூரிக்கும் இது பொருந்தும்.

1. முதலில் கழிவை நிறுத்துங்கள்

அலமாரி, ஸ்கேனர் எல்லாம் பிறகு. முதல் வேலை, முதல்வரின் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை: "1990-க்கு முந்தைய எந்தத் தாளையும் காப்பகக் குழு பார்க்காமல் கழிக்கக் கூடாது." குழுவில் நூலகர், வரலாற்றுத் துறையில் ஒருவர், அலுவலகக் கண்காணிப்பாளர் என மூன்று பேர் போதும். கண்காணிப்பாளரை விட்டுவிட்டுப் பேராசிரியர்கள் மட்டும் குழு போட்டால் வேலை நடக்காது. எந்தப் பரணில் எது இருக்கிறது என்பது அலுவலகத்துக்குத்தான் தெரியும்.

அலுவலகக் கோப்புகளின் முகப்பில் இருக்கும் சுருக்கெழுத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நி.மு. என்றால் நிரந்தர முடிவு, எப்போதும் வைத்திருக்க வேண்டியது. ப.மு. பத்தாண்டு முடிவு, மூ.மு. மூன்றாண்டு முடிவு, ஓ.மு. ஓராண்டு முடிவு. கட்டட அனுமதியும் நிலப் பத்திரமும் பெரும்பாலும் நி.மு.-வில் தப்பிவிடும். மாணவர் மனு, விடுதித் தகராறு, வேலைநிறுத்த நோட்டீஸ் போன்றவை மூன்றாண்டிலோ ஓராண்டிலோ முடியும் கோப்புகள். விதிப்படி அவை இப்போது இருக்கவே கூடாது. யாரோ கழிக்க மறந்ததால் மட்டுமே உங்கள் கைக்கு வருகின்றன, அதனால் அவற்றை முதலில் எடுங்கள்.

2. வளாகத்தை ஒரு சுற்று சுற்றுங்கள்

பதிவறையோடு நின்றுவிடாதீர்கள். உடற்கல்வி இயக்குநர் அறையில் அணிப் படங்கள் இருக்கும். வேதியியல் ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டில், போர்க்காலத்தில் எந்தக் கருவி எந்த நாட்டிலிருந்து வராமல் நின்றது என்று தெரியும். விடுதிக் காப்பாளர் அலமாரி, தேர்வுப் பிரிவின் பரண், என்.சி.சி. அறை, அறக்கட்டளை அலுவலகம், கிறித்துவக் கல்லூரி என்றால் சிற்றாலயத்துப் பெட்டகம் என்று ஒன்றையும் விடாதீர்கள். மின் அறையில் கட்டட வரைபடங்களைச் சுருட்டி வைத்திருப்பார்கள்.

வளாகத்துக்கு வெளியிலும் ஒரு கல்லூரி இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடுகள், பழைய மாணவர் சங்கம், ஊரில் குரூப் போட்டோ எடுத்த ஸ்டுடியோ, மலரை அச்சடித்த அச்சகம். ஸ்டுடியோ மூடியிருந்தால் அந்தக் குடும்பத்தைத் தேடுங்கள். நெகட்டிவ் பெட்டியைப் பலர் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள்.

3. கலைக்காமல் எடுங்கள்

தாள் கட்டைத் தொடுவதற்கு முன் அது இருந்த நிலையை அலைபேசியில் படமெடுங்கள். எந்த அறை, எந்த அலமாரி, எத்தனையாவது தட்டு, யார் பொறுப்பில் இருந்தது என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் கட்டோடு செருகுங்கள். பிறகு பொருள்வாரியாகப் பிரிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். "விளையாட்டு எல்லாம் ஒரு பக்கம், விழா எல்லாம் ஒரு பக்கம்" என்று தன்னார்வ மாணவர்கள் ஒரே மதியத்தில் அடுக்கித் தருவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்பது அதோடு தொலைந்துவிடும். காப்பாளர் கட்டு காப்பாளர் கட்டாகவே இருக்கட்டும்.

வந்தவற்றுக்கு ஒரு வரவுப் பதிவேடு போடுங்கள். வரிசை எண், நாள், யாரிடமிருந்து, என்ன, எவ்வளவு, நிலை. நன்கொடை என்றால் கொடுத்தவர் கையெழுத்தோடு ஒரு தாள்: இது அன்பளிப்பா, ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தர வேண்டுமா, மற்றவர் பார்க்கலாமா? இந்த மூன்று கேள்வியையும் அன்றைக்கே கேட்டுவிட்டால் பத்து வருடம் கழித்து வாரிசுகளோடு மனத்தாங்கல் வராது.

4. தூசு, துரு, கரையான்

மென்மையான தூரிகையால் தூசு தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். பழைய கடிதங்களில் ஊதா நிற காப்பியிங் பென்சில் எழுத்து இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் பரவிவிடும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, துருவைத் தளர்த்தி எடுங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப், பாதுகாப்புக்கு லேமினேஷன் என்ற இரண்டையும் காப்பகத்துக்குள்ளேயே விடக்கூடாது. டேப்பின் பசை சில வருடங்களில் மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். லேமினேஷன் போட்ட தாளை மீட்க வழியில்லை.

ராமபாணப் பூச்சி புதிதாகத் துளை போட்டிருக்கும் கட்டுகளைத் தனியாக வையுங்கள். கட்டுவதற்குக் காடாத்துணி நல்லது, கஞ்சி போகத் துவைத்த பிறகு. அலமாரி சுவரை ஒட்டாமல் இரும்பில், கடைசித் தட்டு தரையிலிருந்து அரை அடியாவது மேலே. தரைத்தளமும் வேண்டாம், மொட்டை மாடிக்கு நேர் கீழும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

படங்களை ஓரத்தைப் பிடித்து எடுங்கள். அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள், பெயர் வரிசை அட்டையில்தான் அச்சாகியிருக்கும். நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து விலக்கிவையுங்கள், பக்கத்தில் இருப்பதும் கெடும்.

5. தேதியில்லாத தாளுக்குத் தேதி கண்டுபிடிப்பது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பாதிக்கு மேல் தாள்களில் ஆண்டு இருக்காது, ஆனால் தாளே பேசும்.

கணக்கு ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தியில் ஓடினால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. 'ந.பை.' (நயா பைசா) என்று புதுக்காசு வந்துவிட்டால் அதற்குப் பிந்தையது. குரூப் போட்டோ அட்டையில் 'இன்டர்மீடியட்' வகுப்பு என்றிருந்தால் 1950களின் நடுப்பகுதியைத் தாண்டாது. 'பி.யு.சி.' (புகுமுக வகுப்பு) என்றிருந்தால் அதற்கும் 1978-க்கும் இடையில். அந்த ஆண்டுதான் மேல்நிலை வகுப்பு பள்ளிக்கூடத்துக்குப் போனது. கடிதத் தலைப்பில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. 'சென்னை மாநிலம்' என்றிருந்தால் 1969 ஜனவரி 14-க்கு முன்.

வினாத்தாளில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பாருங்கள். தென்மாவட்டக் கல்லூரிகளுக்கு 1966 வரை சென்னை, பிறகு மதுரை. 1978-லிருந்து மதுரை காமராசர். நெல்லைப் பக்கம் 1990-க்குப் பிறகு மனோன்மணியம் சுந்தரனார். கோவையும் திருச்சியும் 1982-ல் பாரதியார், பாரதிதாசன் என்று பிரிந்தன. மாவட்டப் பெயரும் உதவும்: பழைய ராமநாதபுரம் 1985-ல் மூன்றாகப் பிரிந்தது, அதனால் சிவகங்கையோ விருதுநகரோ தனி மாவட்டமாக வந்திருந்தால் அதற்குப் பிந்தைய தாள்.

தமிழ் அச்சில் லை, னை, ணை எல்லாம் பழைய சுழித்த கொம்போடு இருந்தால் பொதுவாக 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன். இதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஊர் அச்சகங்கள் பழைய ஈய எழுத்தை அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் ஓட்டின. சுயமரியாதைக்காரர்களின் நோட்டீஸ்கள் அதற்கு வெகு முன்பே புதிய எழுத்தில் வந்தன, பெரியார் 1935-லேயே தொடங்கிவிட்டார்.

விழா அழைப்பிதழில் 'விய ஆண்டு தை மாதம்' என்று மட்டும் இருந்தால், அறுபது வருடச் சுழற்சிப்படி ஆண்டுத் தொடக்கம் 1886, 1946, 2006 என மூன்றில் ஒன்று. தை மாதம் என்பதால் ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரி. தாளையும் அச்சையும் பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 கழியுங்கள். நாகர்கோவில் பக்கத்துக் கொல்லம் ஆண்டு என்றால் 824 அல்லது 825 கூட்டுங்கள்.

கண்டுபிடித்த தேதியைச் சதுர அடைப்புக்குறிக்குள், எதை வைத்துச் சொன்னீர்கள் என்ற காரணத்தோடு எழுதுங்கள். காரணம் இல்லாத தேதி அடுத்தவருக்குப் பொறி.

6. பட்டியல்

ஒவ்வொரு தாளுக்கும் பட்டியல் போட உட்கார்ந்தால் மூன்றாம் மாதம் வேலை நின்றுவிடும். முதலில் வரிசை அளவில் போதும்: "விடுதி மெஸ் கணக்கு, 1938–1961, 14 பேரேடு, 1944 இல்லை." எது இல்லை என்பதை எழுதுவது எது இருக்கிறது என்பதை எழுதுவதைப் போலவே முக்கியம். பிறகு கோப்பு அளவுக்குப் போகலாம். தாள் அளவிலான விவரம் படங்களுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் மட்டும். பெயர்களை எழுதும்போது ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டை அப்படியே வைத்து, இன்றைய வழக்கைத் தனிப் பத்தியில் கொடுங்கள். டிரிச்சினாப்பள்ளி என்று தேடுபவரும் திருச்சி என்று தேடுபவரும் ஒரே கோப்புக்கு வந்து சேர வேண்டும்.

7. இந்தத் தாள்களில் ஊர் எங்கே இருக்கிறது?

மெஸ் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, நல்லெண்ணெய், விறகு என்று மாதாமாதம் விலையோடு, எந்தக் கடையில் வாங்கியது என்ற பெயரோடு இருக்கும். உள்ளூர் விலைவாசிக்கு இவ்வளவு நெருக்கமான தொடர் வேறெங்கும் கிடைப்பது அரிது. 1943-லிருந்து பங்கீட்டுக் காலம் வருகிறது. அரிசிப் பத்தி சுருங்கி, கோதுமையும் கம்பும் தலைகாட்டுகின்றனவா என்று பாருங்கள். எந்தச் சாதியாருக்கு எந்தப் பந்தி, சமையல்காரர் எத்தனை பேர், எந்த வருடத்தில் தனிப் பந்திச் செலவு ஒரே தலைப்புக்குள் வந்தது என்பதை எந்தத் தலைவரின் உரையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

விடுதி என்பது சோறும் பாயும் மட்டும் அல்ல என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. வெளியூரிலிருந்து படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடம் கிடைக்காத நிலையில், சி. நடேச முதலியார் 1910களில் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் தொடங்கினார். நீதிக்கட்சியின் கதையை எழுதுபவர் அந்த விடுதியைத் தாண்டிப் போக முடியாது. உங்கள் ஊரிலும் சாதிச் சங்கங்கள் நடத்திய மாணவர் இல்லங்கள் இருந்திருக்கும். அவற்றோடு கல்லூரி நடத்திய கடிதப் போக்குவரத்து தபால் பதிவேட்டில் ஒற்றை வரியாகவாவது கிடக்கும்.

சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயர், தொழில், ஊர், முன்பு படித்த பள்ளி ஆகிய நான்கு பத்தியை மட்டும் அட்டவணையில் ஏற்றுங்கள். எந்தக் கிராமத்திலிருந்து முதல் மாணவர் எப்போது வந்தார், எந்தத் தொழில்காரர் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பத்தாண்டில் நுழைந்தார்கள் என்பது வரைபடம் போல விரியும். ரங்கூன், பினாங்கு, கண்டி என்று முகவரிகள் வந்தால் அங்கே நிறுத்துங்கள். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் பாதி வருடத்தில் சேர்ந்திருக்கலாம். செட்டிநாட்டுப் பக்கத்துக் கல்லூரி என்றால் இதைக் கட்டாயம் தேட வேண்டும்.

வருகைப் பதிவேட்டில் 1965 ஜனவரி கடைசி வாரத்தைத் திருப்புங்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். மாநிலம் முழுக்கக் கல்லூரிகள் மூடப்பட்டன. உங்கள் ஊரில் எந்த நாளில் வகுப்பு நின்றது, எந்த நாளில் திறந்தது, திறந்த பிறகும் எந்த வகுப்பு வரவில்லை என்பதெல்லாம் பேனாக் கோடுகளாக அங்கே இருக்கும். அதே வாரத்து ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பும் தப்பியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

குரூப் போட்டோவில் ஒன்றைப் பாருங்கள். நாற்காலியில் ஆசிரியர்கள், பின்னால் மூன்று வரிசை மாணவர்கள், கீழே இடமிருந்து வலமாக எல்லார் பெயரும். ஓரத்தில் தலைப்பாகையோடு, வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே பித்தளை வில்லை போட்ட பட்டையோடு ஒருவர் நிற்பார். பெயர் வரிசையில் அவர் இருக்க மாட்டார். சம்பளப் பட்டியலில் இருப்பார். அந்த ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டு அவர் பெயரைக் கண்டுபிடித்து விவரத்தில் சேர்ப்பதைக் காப்பகத்தின் வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

8. மீதிப் பாதி வெளியே இருக்கிறது

1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் 1823-ல் தொடங்கிய செமினரியில் படித்தவர்கள். அவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போக வேண்டும். அந்த மிஷனின் தாள்களுக்கு ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்துக்கும் போக வேண்டும். உங்கள் கல்லூரியும் இப்படித்தான் சிதறிக் கிடக்கும்.

அரசோடு நடந்த போக்குவரத்துக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நிறுவனக் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். உள்ளே போனதும் கோப்பைக் கேட்காதீர்கள். முதலில் ஆண்டுவாரி அட்டவணைத் தொகுதிகளை எடுத்து உங்கள் ஊர், கல்லூரிப் பெயரைத் தேடி, அரசாணை எண், நாள், துறை மூன்றையும் குறித்துக்கொண்ட பிறகு சீட்டு எழுதுங்கள். கல்வித் துறையில் மட்டும் தேடி ஏமாந்து போகாதீர்கள். 1920களில் கல்வி சட்டத் துறையின் கீழ் வருகிறது. மாணவர் போராட்டம் என்றால் அரசின் 'பொது' (பப்ளிக்) என்ற துறையின் கோப்புகளில் இருக்கும். அங்கேயே உள்ள சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளில், அன்றைய தமிழ்ப் பத்திரிகைகள் எழுதியதன் ஆங்கிலச் சுருக்கம் கிடைக்கும். இப்போது ஒரு பிரதிகூட இல்லாத பத்திரிகைகள் சிலவற்றுக்கு அதுதான் மிச்சம்.

இன்றைய மாநில எல்லையை நம்ப வேண்டாம். கன்னியாகுமரி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால் நாகர்கோவில் கல்லூரிகளின் அரசுத் தாள்களுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம்.

மிஷன் கல்லூரி என்றால் எந்த மிஷன் என்பதுதான் சாவி. மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு மேலே சொன்ன ஹார்வர்டு தொகுப்பு. லண்டன் மிஷன் தாள்கள் லண்டனில் சோயாஸ் நூலகத்தில், சர்ச் மிஷனரி சொசைட்டியின் (சி.எம்.எஸ்.) தாள்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில். சேசு சபைக் கல்லூரிகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூரில் அவர்களின் மதுரை மாகாண ஆவணக் காப்பகம் இருக்கிறது.

அச்சான பொருளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் பாருங்கள். ஈழத்துப் பள்ளி, கல்லூரி மலர்களுக்கு 2005-லிருந்து இயங்கும் நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பு. அவர்கள் பட்டியலிடும் முறையையும் கவனியுங்கள், அப்படியே கைக்கொள்ளலாம். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதைப் பார்த்த சமூகம் அது. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் ஆபத்தை யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

9. மின்படி

தாளுக்கு 300 டிபிஐ-க்குக் குறையாமல், படத்துக்கு 600. மூலப்படி டிஃப் வடிவில், வாசிக்கக் கொடுக்க பிடிஎஃப். தைத்த பேரேடுகளைத் தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாதீர்கள், முதுகு உடையும். மேலிருந்து கேமராவால் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் அட்டையையும் சேர்த்தே எடுங்கள். கோப்புப் பெயரில் வரிசைக் குறி, ஆண்டு, பக்க எண் மட்டும் போதும். மூன்று பிரதி, அதில் ஒன்றாவது வளாகத்துக்கு வெளியே. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணத் திட்டம் இத்தகைய வேலைகளுக்கு நிதி தருகிறது, மூலத்தை நாட்டைவிட்டு எடுத்துப் போவதில்லை.

கணினிக் காலத்துத் தாள்களையும் மறக்க வேண்டாம். 1990களின் மலர்கள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துருவையும் சேர்த்துச் சேமியுங்கள், கையோடு யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

10. நேர்காணல்

முன்னாள் முதல்வர்கள் ஏற்கெனவே நிறையப் பேசியிருப்பார்கள். விடுதிச் சமையல்காரர், ஆய்வக உதவியாளர், இரவுக் காவலர், கல்லூரி வாசல் தேநீர்க்கடைக்காரர் ஆகியோரிடம் முதலில் போங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது ஐயா?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு தம்பி" என்பதோடு முடியும். ஒரு குரூப் போட்டோவையோ மெஸ் கணக்கின் ஒரு பக்கத்தையோ கையில் கொடுத்துப் பாருங்கள், பேச்சு நிற்காது. ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். பேச்சை எழுதும்போது வட்டார வழக்கை 'திருத்த' வேண்டாம்.

11. யார், எதைப் பார்க்கலாம்?

சேர்க்கைப் பதிவேட்டில் சாதி இருக்கிறது, தந்தையின் வருமானம் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் பத்தொன்பது வயதில் யாரோ செய்தது இருக்கிறது, அவர் இன்று ஊரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். இவற்றை இணையத்தில் ஏற்றாதீர்கள். எத்தனை ஆண்டு மூடி வைப்பது என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள். ஆய்வாளருக்குப் பெயர் மறைத்த அட்டவணை கொடுக்கலாம். மலரில் வந்த கவிதையும் கதையும் எழுதியவருக்குச் சொந்தம், அவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. பெரும்பாலும் கேட்டால் மகிழ்ந்து கொடுப்பார்கள், ஆனால் கேட்க வேண்டும்.

சில நிர்வாகங்கள் சங்கடமான கோப்புகளை மட்டும் எடுத்துவிடச் சொல்லும். மூடி வைப்பதற்கு ஒப்புக்கொள்ளுங்கள், அழிப்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

12. ஆண்டுதோறும் மே மாதம்

காப்பகம் ஒருவரின் ஆர்வத்தில் தொடங்கி அவர் ஓய்வு பெறும் நாளில் பூட்டப்படுவதுதான் வழக்கம். அதைத் தடுக்க ஒரே வழி ஆட்சிக்குழுத் தீர்மானம். ஒவ்வொரு துறையும் விடுதியும் ஆண்டு முடிவில், மே மாதத்துக்குள், அழைப்பிதழ், சுற்றறிக்கை, கூட்டக் குறிப்பு, படங்கள், தேர்தல் நோட்டீஸ் ஆகியவற்றில் ஒரு பிரதியைக் காப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். காப்பகப் பொறுப்பு பதவியோடு சேர வேண்டும், ஆளோடு அல்ல. நூலகர் மாறும்போது சாவியோடு வரவுப் பதிவேட்டையும் எண்ணிக் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். தீர்மானத்தின் ஒரு நகலைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் தைத்து வையுங்கள். கோப்பில் அதற்கு நி.மு. என்று போடச் சொல்லுங்கள்.